பிடித்தது 715-வது ஹோம் ரன்... ஜெயிக்க வைத்தது 44 வயது வீரரை! பேஸ்பால் கோச் டாம் ஹவுஸ் கதை

1974-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி. அமெரிக்காவின் அட்லாண்டா நகர ஸ்டேடியம். 50 ஆயிரத்துக்கும் அதிகமான கூட்டம். எல்லோருடைய கண்ணும் ஒரே ஆள் மேல். பிரேவ்ஸ் அணியின் ஹாங்க் ஆரன்.

பேஸ்பாலில் ஹோம் ரன் என்பது நம்ம ஊர் கிரிக்கெட் சிக்சர் மாதிரி. எல்லையைத் தாண்டிப் பந்து பறக்கணும். பேப் ரூத் என்ற ஜாம்பவான் அடித்த 714 ஹோம் ரன் சாதனையை யாராலும் தொட முடியாது என்று அமெரிக்காவே நம்பிக் கொண்டிருந்தது. ஆரன் அதைச் சமன் செய்து விட்டார். இன்னும் ஒன்றே ஒன்று தான் பாக்கி. ரூத் வெள்ளையர், ஆரன் கறுப்பர். இதனாலேயே அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன.

4-வது இன்னிங்சில் டாட்ஜர்ஸ் அணியின் அல் டவுனிங் வீசிய பந்தை ஆரன் விளாசினார். பந்து இடதுபக்க வேலியைத் தாண்டியது. அங்கேதான் பிரேவ்ஸ் அணியின் மாற்று பிட்சர்கள் உட்காரும் இடம். அங்கிருந்த இடதுகைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். பந்து 'லபக்' என்று அவருடைய கையுறைக்குள் விழுந்தது.

அவர்தான் டாம் ஹவுஸ். பந்தை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டம். மைதானத்தின் நடுவே தாயாரின் அணைப்பில் நின்ற ஆரனிடம் கொண்டு போய்க் கொடுத்தார். சாதனைப் பந்தைப் பத்திரமாகச் சேர்த்தவர் என்ற பெயர் அன்றைக்கே கிடைத்து விட்டது.

ஒரு பந்து வீச்சாளர், தான் வீசிய பந்துக்காக இல்லாமல் பிடித்த பந்துக்காகப் பேர் வாங்கினார் என்றால் அவருடைய வீச்சு எப்படி இருந்திருக்கும்? சுமார்தான்!

வேகம் இல்லாத வேகப்பந்து

டாம் ஹவுஸ் 1947-ம் ஆண்டு சியாட்டில் நகரில் பிறந்தவர். கலிபோர்னியாவில் உள்ள யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்தில் படித்தார். 1971-ல் பெரிய லீக்கில் பிரேவ்ஸ் அணிக்காக அறிமுகம். பிறகு பாஸ்டன் ரெட் சாக்ஸ், கடைசியில் சொந்த ஊரான சியாட்டில் அணி. 1978-ல் ஆட்டத்துக்கு முழுக்கு. மொத்தம் 29 வெற்றி, 23 தோல்வி. மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் கணக்கும் இல்லை.

காரணம் வேகம். ஹவுசுக்கு அது கிடையாது. மற்ற பிட்சர்கள் பந்தைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி அனுப்ப, இவர் இடத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு பேட்ஸ்மேனை ஏமாற்றித்தான் பிழைப்பை ஓட்டினார். அடுத்தவன் கை ஏன் வேகமாகச் சுழல்கிறது, தன் கை ஏன் சுழலவில்லை என்ற கேள்வி அவரைக் குடைந்து கொண்டே இருந்தது. விளையாட்டு உளவியலில் டாக்டர் பட்டம் வரைக்கும் படித்தார். பேஸ்பால் உலகத்தில் படித்த ஆள் என்றாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஹவுசையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

கைக்கு ஆபத்து

கிரிக்கெட் பவுலர் ஓடி வந்து கையை மடக்காமல் போடணும். மடக்கி எறிந்தால் அம்பயர் 'நோ பால்' கொடுத்து விடுவார். பேஸ்பாலில் ஓட்டமே கிடையாது. 10 அங்குல உயர மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குல தூரத்தில் நிற்கும் பேட்ஸ்மேனுக்கு முழங்கையை மடக்கி எறியணும். ஓட்டத்தில் இருந்து வேகம் கிடையாது என்பதால், நின்ற இடத்திலேயே கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து வேகத்தை உண்டாக்க வேண்டும். கடைசியில் மொத்த பாரமும் வந்து இறங்குவது தோள்பட்டையிலும் முழங்கையிலும்தான்.

அதனால் பிட்சர்களின் கை அடிக்கடி 'பணால்' ஆகும். ஆரன் சாதனை படைத்த அதே 1974-ல், எதிரணியான டாட்ஜர்சின் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முழங்கைத் தசைநார் கிழிந்தது. அதுவரை அந்தக் காயம் வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிராங்க் ஜோப் என்ற டாக்டர் இன்னொரு கையில் இருந்து நாரை எடுத்து வைத்துத் தைத்தார். டாமி ஜான் அதன் பிறகு 1989 வரை ஆடினார். அந்த ஆபரேஷனுக்கே இன்று 'டாமி ஜான் சர்ஜரி' என்றுதான் பெயர்.

டாக்டர்கள் கிழிந்த பிறகு தைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். கிழியாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் ஹவுஸ் எடுத்துக்கொண்ட வேலை.

கோச் கையில் புட்பால்

1985-ல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு பிட்சிங் கோச் ஆனார் ஹவுஸ். வந்ததும் அவர் செய்த காரியத்தைப் பார்த்து மற்ற அணியினர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிட்சர்களின் கையில் அமெரிக்கன் புட்பாலைக் கொடுத்து எறியச் சொன்னார்! முட்டை வடிவத்தில், இரண்டு பக்கமும் கூராக இருக்குமே, அந்தப் பந்து.

ஏன் புட்பால்? அதைச் சரியாக எறிந்தால் பம்பரம் மாதிரி சுழன்று கொண்டே நேராகப் போகும். தோளும் மணிக்கட்டும் சரியான வரிசையில் வராவிட்டால் காற்றில் தள்ளாடும். கோச் பக்கத்தில் நின்று தப்பு கண்டுபிடிக்க வேண்டாம். பந்தே சொல்லிக் கொடுத்து விடும். பேஸ்பாலை விட எடையும் அதிகம் என்பதால் தோளுக்குப் பலம் ஏறும். ஆனாலும் பேஸ்பால் மைதானத்தில் புட்பாலா என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன.

கிண்டலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ரேஞ்சர்சின் இளம் பிட்சர்களுக்கு வேகம் இருந்த அளவுக்குக் குறி இல்லை. பாபி விட் என்ற இளைஞர் 1986, 1987 இரண்டு சீசனிலும் தலா 140 பேருக்குக் குறையாமல் 'வாக்' கொடுத்தார். கிரிக்கெட் பாஷையில் சொன்னால் வைடு மேல் வைடு. இதுதான் விஞ்ஞானமா என்று கேட்டவர்களுக்கு ஹவுசிடம் அப்போது பதில் இல்லை.

ஹவுஸ் சொன்ன அடுத்த விஷயம்தான் பிரமாதம். பந்தை விட்ட பிறகு அந்தக் கை நிற்க வேண்டாமா? அதை நிறுத்துவது தோளின் பின்பக்கத் தசைகள். அதாவது பிரேக். பிரேக் வலுவாக இல்லாத வண்டியை யாரும் முழு வேகத்தில் ஓட்ட மாட்டார்கள். உடம்பும் அப்படித்தான், தன்னால் நிறுத்த முடிகிற வேகத்துக்கு மேல் கையைச் சுழல விடாது என்பது அவர் வாதம். ஆகவே முன்பக்கத்தை விட்டு விட்டுப் பின்பக்கத்துக்குப் பயிற்சி கொடுத்தார். பளு தூக்கினால் பிட்சரின் உடம்பு இறுகிப் போகும் என்று பழைய கோச்சுகள் பயந்து கொண்டிருந்த காலம் அது. அதிவேக கேமராவில் வீச்சைப் படம் பிடித்து, கால் எங்கே, இடுப்பு எங்கே, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளந்து பார்த்த ஆரம்ப கால கோச்சுகளில் ஒருவர் ஹவுஸ்.

கோச்சை விட மூத்த சீடர்

1989-ல் ரேஞ்சர்சுக்கு நோலன் ரயான் வந்து சேர்ந்தார். வயசு 42. கோச் ஹவுசை விட 3 மாதம் மூத்தவர்! வேகப்பந்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். இவருக்கு யார் என்ன சொல்லிக் கொடுக்க முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் ரயான் கேட்டுக்கொண்டார். ஏற்கனவே பளு தூக்கும் பழக்கம் உள்ளவர் என்பதால் ஹவுசின் பேச்சு அவருக்குப் பிடித்துப் போனது. புட்பாலும் எறிந்தார்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1989 ஆகஸ்டில் 5 ஆயிரமாவது ஸ்ட்ரைக்-அவுட். 1990 ஜூனில் 6-வது 'நோ ஹிட்டர்'. அதாவது ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூட கிடையாது. ஒரு பிட்சர் ஆயுளில் ஒரு தடவை செய்தாலே பெரிய விஷயம். 1990 ஜூலையில் 300-வது வெற்றி. 1991 மே 1-ந்தேதி டொரண்டோ அணிக்கு எதிராக 7-வது நோ ஹிட்டர், 44 வயதில்! ஆட்டம் முடிந்ததும் கொண்டாட்டத்துக்கு நடுவே ரயான் போய் உட்கார்ந்தது உடற்பயிற்சி சைக்கிளில்.

அந்த 7 என்ற சாதனையை இன்று வரை யாரும் நெருங்கவில்லை. 5,714 ஸ்ட்ரைக்-அவுட்டுடன் 1993-ல் ஓய்வு பெற்ற ரயான், 1999-ல் ஹால் ஆப் பேம் கவுரவம் பெற்றபோது மேடையில் ஹவுசுக்கு நன்றி சொன்னார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

எதிரிக்கும் பாடம்

1992-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். சியாட்டில் அணியில் ராண்டி ஜான்சன் என்று ஒரு பிட்சர். 6 அடி 10 அங்குலம். பனைமரம் மாதிரி உயரம், பயங்கர வேகம். ஆனால் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது.

எதிரணி கோச்சான ஹவுஸ் அவருடைய காலைக் கவனித்தார். பந்தை விடும்போது ஜான்சனின் முன்கால் குதிகாலில் இறங்குகிறது. அதனால் உடம்பு ஒரு பக்கமாகச் சுழன்று போகிறது. குதிகாலில் இறங்காதே, முன்பாதத்தில் இறங்கு என்பதுதான் ஹவுசும் ரயானும் சொன்ன யோசனை. எதிராளிக்கு எதற்குச் சொல்லணும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை.

பலன்? அதே ஆண்டு செப்டம்பர் 27-ந்தேதி ரேஞ்சர்சுக்கு எதிராகவே ஜான்சன் 8 இன்னிங்சில் 18 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். அன்று எதிரே பந்து வீசியவர் சாட்சாத் ரயான்! ஜான்சன் அதன் பிறகு சிறந்த பிட்சருக்கான 'சை யங்' விருதை 5 முறை வாங்கினார். 4,875 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்து ரயானுக்கு அடுத்த 2-வது இடத்தில் நிற்கிறார்.

அந்த 1992 சீசனோடு ரேஞ்சர்சில் ஹவுசின் காலம் முடிந்தது.

துண்டும் வேதனையும்

ஹவுசின் பெயர் சொன்னாலே பலருக்கு ஞாபகம் வருவது துண்டுப் பயிற்சி. கையில் பந்துக்குப் பதில் ஒரு துண்டு. எதிரே சற்றுத் தள்ளி ஒருவர் கையுறையை நீட்டிக்கொண்டு நிற்பார். எறிவது போலச் செய்து துண்டு நுனியால் அதை அடிக்கணும். பந்தை எறியாமலே எறியும் அசைவு பழகி விடும், தோளும் தேயாது என்பது கணக்கு. துண்டை வீசுவதும் பந்தை வீசுவதும் ஒன்றாகுமா என்று எதிர்த்தவர்களும் உண்டு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

இந்தத் துண்டுப் பயிற்சியில் வளர்ந்த பிரபலம் மார்க் பிரையர். சான்டியாகோ பையன். சின்ன வயசில் இருந்தே ஹவுசிடம் பாடம். பந்து வீசும் முறையில் குறையே இல்லாதவர் என்று புகழப்பட்டார். 2001-ல் சிகாகோ கப்ஸ் அணி அவரைக் கோடிக்கணக்கில் கொட்டி எடுத்தது. 2003-ல் 18 வெற்றி, 245 ஸ்ட்ரைக்-அவுட். அமெரிக்காவே கொண்டாடியது.

அதோடு சரி. காயம் மேல் காயம். 2006 ஆகஸ்டில் பெரிய லீக்கில் கடைசி ஆட்டம். வயசு 25 தான்!

பழி முழுக்க ஹவுஸ் தலையில் விழுந்தது. குறையே இல்லாத முறை என்றால் கை ஏன் போச்சு என்று கேட்டார்கள். மறுபக்கம், 2003 செப்டம்பரில் அந்த இளைஞரை ஒரே ஆட்டத்தில் 130 பந்துக்கு மேல் வீச வைத்தார்களே, ஓடும்போது எதிரணி வீரருடன் மோதி விழுந்தாரே, 2005-ல் பேட்டில் பட்டு வந்த பந்து முழங்கையைப் பதம் பார்த்ததே என்று அடுக்கினார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் கேமராவும் எந்தக் கையையும் முழுசாகக் காப்பாற்றி விடாது என்பது பிரையர் விஷயத்தில் எல்லோருக்கும் தெரிந்து போனது.

அந்தப் பிரையர் என்ன ஆனார் தெரியுமா? அவரும் கோச் ஆகி விட்டார்! 2020-ல் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சிங் கோச் பொறுப்பு. அதே ஆண்டும், 2024-ம் ஆண்டும் டாட்ஜர்ஸ் சாம்பியன்.

போட்டு உடைத்த உண்மை

2005-ம் ஆண்டு அமெரிக்க விளையாட்டு உலகில் ஊக்க மருந்து விவகாரம் பற்றி எரிந்து கொண்டிருந்தது. மார்ச் மாதம் பெரிய பெரிய பேஸ்பால் நட்சத்திரங்களை நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. பலரும் மழுப்பினார்கள். ஆளாளுக்குப் பல்டி.

யாரும் கூப்பிடாமலே வாயைத் திறந்தவர் ஹவுஸ். சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையிடம், தானும் அந்தக் காலத்தில் ஸ்டீராய்டு எடுத்துக் கொண்டதாகச் சொன்னார். அப்போது பிட்சர்களில் பலர் இதை முயற்சி செய்து பார்த்ததாகவும் கூறினார். ஊக்க மருந்து 1980-களுக்குப் பிறகு வந்த வியாதி என்று நினைத்துக் கொண்டிருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி.

அவர் எதற்காக எடுத்தார்? வேகத்துக்காக. கிடைத்தது என்ன? உடம்பில் கிட்டத்தட்ட 30 பவுண்டு எடை கூடியது. நம் கணக்கில் 13 கிலோ. வேகம் வரவில்லை! கூடுதல் எடையால் முழங்கால்தான் கெட்டது என்று அவரே சொன்னார். பிற்பாடு கெடுதல் தெரிந்ததும் விட்டு விட்டாராம்.

பேரும் புகழும் உள்ள கோச், பெற்றோர் பிள்ளைகளை நம்பி அனுப்பும் இடத்தில் இருப்பவர். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிராடியும் வந்தார்

புட்பாலைக் கொடுத்து பேஸ்பால் சொல்லிக் கொடுத்தவரிடம், பிற்காலத்தில் புட்பால் வீரர்களே வரிசையில் நின்றார்கள். அமெரிக்கன் புட்பாலில் பந்தை எறிபவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ட்ரூ பிரீஸ், டாம் பிராடி போன்ற உச்ச நட்சத்திரங்கள் ஹவுசிடம் தோளைப் பார்த்துக்கொண்டார்கள். பிராடி 2021 பிப்ரவரியில் 7-வது சூப்பர் பவுல் பட்டம் வென்றபோது வயசு 43. ரயானின் 7-வது நோ ஹிட்டர் 44 வயதில். என்ன பொருத்தம் பாருங்கள்.

ஈட்டி எறிந்த இந்தியர்கள்

ஹவுசுக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜே.பி.பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஏஜெண்ட், கிரிக்கெட் ஊறிய நாட்டில் வேகமாகப் பந்து எறிபவர் கிடைக்காமலா போய் விடுவார் என்று நினைத்தார். 2007-2008-ல் ஊர் ஊராகப் போட்டி நடத்தினார். பெயர் 'மில்லியன் டாலர் ஆர்ம்'. பல்லாயிரம் பேர் வந்தார்கள். ஆனால் தேறியவர்கள் கிரிக்கெட் பவுலர்கள் அல்ல! ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரபிரதேசத்து வாலிபர்கள். இருவரும் ஈட்டி எறிபவர்கள். இடதுகைக்காரரான ரிங்கு மணிக்கு 87 மைல், அதாவது 140 கி.மீ. வேகத்தில் எறிந்து 1 லட்சம் டாலர் பரிசைத் தட்டிச் சென்றார்.

இருவருக்கும் பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. 2008 மே மாதம் விமானம் ஏற்றி யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்தில் இறக்கினார்கள். அங்கே காத்திருந்த கோச் டாம் ஹவுஸ்.

கையுறை மாட்டுவதில் இருந்து பாடம் ஆரம்பம். சாதாரணமாக அமெரிக்கப் பையன் 5, 6 வயசில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் பழகுவதை இவர்கள் சில மாதத்தில் பழகணும். ஹவுசுக்கு இது பெரிய சோதனைதான். அவருடைய முறை உண்மையிலேயே வேலை செய்யுமா என்று காட்ட இதை விட நல்ல இடம் கிடைக்காது. நவம்பரில் பல அணிகளின் ஆட்கள் முன்னால் இருவரும் வீசிக் காட்டினார்கள். அதே மாதம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்க பேஸ்பாலில் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் இவர்கள். 2009 ஜூலையில் சிறிய லீக் ஆட்டம் ஒன்றில் ரிங்குவுக்கு வெற்றியும் கிடைத்தது.

2014-ல் டிஸ்னி இதைப் படமாக எடுத்தது. ஹவுஸ் வேடத்தில் பில் பாக்ஸ்டன். இசை நம்ம ஏ.ஆர்.ரகுமான்! சென்னையில் படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோச் நிஜ மனிதர் என்று தெரியுமோ!

படம் சந்தோஷமாக முடிந்தது. நிஜத்தில், தினேஷின் பேஸ்பால் 2010-ல் முடிந்து ஊர் திரும்பினார். ரிங்கு விடவில்லை, சிறிய லீக்கிலேயே சில வருஷம் தாக்குப் பிடித்தார். பெரிய லீக் வரை போக முடியவில்லை. அவருக்கும் கையில் காயம், ஆபரேஷன். 2018-ல் பேஸ்பாலை விட்டு மல்யுத்தத்துக்குத் தாவினார். நெற்றி நிறைய விபூதியோடு டபிள்யூ.டபிள்யூ.இ. மேடையில் 'வீர் மகான்' என்ற பெயரில் எதிராளியைத் தூக்கிப் போட்டாரே, அவர்தான் ஹவுசிடம் பந்து எறியக் கற்ற அந்த ரிங்கு.